பழைய வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டிய கைக்கருவிகள் எவை?

உறையூர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். திருச்சி உறையூரில் 1990-களில் என் பெற்றோர் கட்டிய வீட்டுக்கு, வெளியூர் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்துடன் திரும்பி வந்திருக்கிறேன். கட்டடத்தில் குறை ஒன்றும் இல்லை. சின்னச் சின்னப் பழுதுகள்தாம் வரிசைகட்டி நிற்கின்றன. சமையலறைக் குழாய் இரவெல்லாம் சொட்டுகிறது. கூடத்து மின்பலகையில் ஒரு பிளக் பாயின்ட் ஆடுகிறது. வாசற்கதவைத் தூக்கிப் பிடித்தால்தான் தாழ்ப்பாள் துளைக்குள் போகிறது. மழைக்காலத்தில் அது நிலையில் உரசுவதாகவும் அம்மா சொல்கிறார். இவற்றுக்கு ஆள் கூப்பிட்டால், வேறு பெரிய வேலை இருந்தால் சொல்லுங்கள், அதோடு சேர்த்து முடித்துத் தருகிறோம் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஒரு வாஷர் மாற்றுவதற்காக அரைநாளை யார்தான் இழப்பார்கள்?

வீட்டில் இப்போது இருப்பவை, பிடி ஆடும் ஒரு சுத்தியல், முனை மழுங்கிய ஒரு திருப்புளி, துருவேறிய ஒரு கட்டிங் பிளேயர் ஆகியவை மட்டுமே. இணையத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உருப்படிகள் கொண்ட கருவிப் பெட்டிகள் 3,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. அதில் ஒன்றை வாங்கிவிடலாமா, அல்லது அதே பணத்துக்குத் தனித்தனியாக வாங்குவது நல்லதா? தனியாக வாங்குவதென்றால் எதில் தொடங்க வேண்டும், எந்த அளவு, எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். மின் துளையிடும் கருவி போன்றவை இப்போதைக்கு வேண்டாம். கையால் செய்யக்கூடிய வேலைகளைப் பற்றி மட்டுமே கேட்கிறேன்.

பொன்மலை ஃபிட்டர்

வணக்கம் தம்பி. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கருவியைப் பற்றிய கேள்வி என்றால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டி வேண்டாம். அதன் எண்ணிக்கையில் பெரும்பகுதி, கைப்பிடியில் மாட்டும் திருப்புளி முனைகளான பிட்டுகளும், நட்டின் மேல் தொப்பி போலக் கவிழ்த்துத் திருப்பும் சாக்கெட்டுகளும்தான். சாக்கெட் வண்டி வேலைக்கு நல்லது. ஆனால் நட்டின் நடுவே குழாய் ஓடுகிற இடத்தில் சாக்கெட்டை மாட்ட வழியே இல்லை, வீட்டில் நீங்கள் கழற்றப்போகும் பெரிய நட்டுகளோ பெரும்பாலும் அப்படிப்பட்டவைதாம். அதைவிடப் பெரிய குறை, மலிவாகக் கொடுப்பதற்காக அவற்றில் சரியாகப் பதமேற்றாத இரும்பைப் போடுவது. பதம் போதாத திருப்புளி, இறுகிய திருகாணியில் தானும் தேய்ந்து திருகாணியின் தலையையும் தேய்த்துவிடும். அதன் பிறகு அந்தத் திருகாணியை வெளியே எடுப்பதே ஒரு தனி வேலையாகிவிடும்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். கீல்களில் இருக்கும் திருகாணி பட்டைத் தலையா, ஸ்டார் தலையா? மோட்டார் அடியில் இருக்கும் போல்ட் என்ன அளவு? குழாய் கைப்பிடியின் பக்கவாட்டில், ஆறு பட்டை முனை கொண்ட ஆலன் கீ நுழையும் சின்னத் துளை இருக்கிறதா? உங்கள் வீட்டில் எவையெல்லாம் இருக்கின்றனவோ அவற்றுக்குப் பொருந்துவதை மட்டும் வாங்கினால் போதும்.

திருப்புளியில்தான் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள். நான் அதில்தான் முதலில் செலவு செய்யச் சொல்லுவேன். 1990-களின் வீடு என்றால் கீல்களிலும் தாழ்ப்பாள்களிலும் பட்டைத் தலைதான் அதிகம் இருக்கும். பட்டைத் திருப்புளியின் முனை அகலம், திருகாணித் தலையில் உள்ள காடியின் நீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். குறுகலான முனையைப் போட்டால் காடியின் நடுப்பகுதி மட்டும் சுமையைத் தாங்கிப் பிய்ந்துபோகும். ஆகவே அகலத்தில் ஒன்றும் குறுகலில் ஒன்றுமாக இரண்டு பட்டைத் திருப்புளிகள், ஸ்டாரில் பி.எச்.1, பி.எச்.2 என்ற இரண்டு அளவுகள். கதவு, அலமாரி வேலைகளுக்கு பி.எச்.2 பொருந்தும்; மின் சாதனங்களில் உள்ள சிறிய திருகாணிகளுக்கு பி.எச்.1. ஸ்டார் முனை நழுவினால் அளவு தவறு, அல்லது அழுத்தம் போதவில்லை என்று பொருள். இறுகிய திருகாணியில் திருப்பும் வலுவைக் காட்டிலும் அமுக்கும் வலுவே கூடுதலாகத் தேவைப்படும்.

பழைய கீல்களில் காடிக்குள் பெயின்ட் அடைத்துக்கொண்டிருக்கும். பழைய ஹேக்சா (இரும்பு அறுக்கும் வாள்) பிளேடின் முனையால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் திருப்புளியை வைக்க வேண்டும். துருப்பிடித்த திருகாணி அசையவில்லை என்றால், ஊடுருவும் எண்ணெயோ மண்ணெண்ணெயோ இரண்டு சொட்டு விட்டு ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை திருப்பி, துருவின் பிடி விட்ட பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள்.

அடுத்தது, கடைகளில் ஸ்க்ரூ ஸ்பேனர் என்று கேட்கப்படும் வாய் நகரும் ஸ்பேனர். பத்து அங்குலம் வாங்குங்கள். எட்டு அங்குலத்தின் வாய் அரை அங்குலக் குழாய் இணைப்பின் நட்டுகளுக்குச் சில சமயம் போதாமல் போகும். வாய் நட்டில் ஆட்டமே இல்லாமல் உட்காரும்வரை இறுக்க வேண்டும். இழுக்கும்போது சுமை நகரும் தாடையில் விழாமல் நிலையான தாடையில் விழும்படி பிடிக்க வேண்டும். இந்த இரண்டையும் கவனிக்காததால்தான் பித்தளை நட்டுகள் மூலை மழுங்கிப்போகின்றன. கட்டிங் பிளேயரால் நட்டைத் திருப்பும் பழக்கம் வேண்டவே வேண்டாம். எட்டு அங்குல பிளேயர் கம்பியை வளைக்கவும், வெட்டவும், பிடிக்கவும்தான். நாசிக்கில் தயாராகும் டபாரியா போன்ற நம் நாட்டுக் கருவிகளே இந்த வேலைகளுக்கு நன்றாகத் தாங்கும். கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

சுத்தியல் அரைக் கிலோ அளவில், பின்பக்கம் ஆணி பிடுங்கும் கொம்புடன் இருந்தால் வீட்டுக்குச் சரி. ஆணியைப் பிடுங்கும்போது சுத்தியல் தலைக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்தால் சுவர்ப்பூச்சும் பெயராது, ஆணியும் நேராக வரும். உங்களிடம் உள்ள பழைய சுத்தியலைத் தூக்கி எறிய வேண்டாம். தலை நல்ல நிலையில் இருந்தால் ஆப்பை எடுத்துவிட்டுப் புதிய பிடி போட்டுக்கொள்ளலாம். ஆனால் பிடி ஆடும் நிலையில் அதை ஓங்கி அடிக்கக் கூடாது. தண்ணீரில் ஊறவைத்தால் பிடி உப்பி இறுகிவிடும் என்று சிலர் செய்வார்கள். காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும்.

ஹேக்சா பிரேம் ஒன்று, அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடு. பற்கள் முன்னோக்கி இருக்கும்படி மாட்டி, தட்டினால் ஒலி வரும் அளவுக்கு விறைப்பாக்க வேண்டும். வெட்டும் பொருளின் தடிமனில் எப்போதும் குறைந்தது மூன்று பற்களாவது படிந்திருந்தால்தான் பல் உடையாது. மெல்லிய தகட்டில் பிளேடு சிக்கி உடைவதன் காரணம் இதுதான். ஐந்து மீட்டர் அளவு நாடா, எட்டு அங்குல அரைவட்ட அரம், ஆலன் கீ ஒரு கொத்து, குழாய் இணைப்பில் கசியாமல் இருக்கச் சுற்றும் டெஃப்லான் டேப் ஒரு சுருள் ஆகியவை மிச்சம். அளவு நாடாவின் முனையில் உள்ள கொக்கி கொஞ்சம் ஆடுவதைப் பழுது என்று நினைத்துத் தட்டி இறுக்கிவிடாதீர்கள். உள் அளவு எடுக்கும்போதும் வெளி அளவு எடுக்கும்போதும் கொக்கியின் தடிமனை ஈடுசெய்வதற்காகவே அது நகரும்படி செய்யப்பட்டிருக்கிறது.

பைப் ரெஞ்ச் இப்போது வேண்டாம். அதன் பற்கள் இரும்புக் குழாயைக் கவ்வுவதற்கானவை. குரோம் பூசிய குழாயில் போட்டால் பூச்சு முழுதும் போய்விடும்.

உங்கள் சமையலறைக் குழாய் பல சுற்று சுற்றித் திறக்கும் பழைய வகையாக இருந்தால், தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடிவிட்டு, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டு, தலைப்பகுதியை ஸ்க்ரூ ஸ்பேனரால் கழற்றினால் அடியில் ரப்பர் வாஷர் இருக்கும். அதை மாற்ற ஐந்து நிமிட வேலை. கால் சுற்றில் திறக்கும் புதிய வகை என்றால் உள்ளே பீங்கான் தட்டுகள் கொண்ட கார்ட்ரிட்ஜ் இருக்கும். ஒவ்வொரு நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜிலும் நீளமும் மேல்பல் எண்ணிக்கையும் மாறும் என்பதால், பழையதைக் கையில் எடுத்துப்போய்க் காட்டித்தான் வாங்க வேண்டும்.

வாடகைக் குடித்தனம்

பெரியவர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பெட்டியே கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. சென்னையில் கடற்கரையை ஒட்டிய ஓர் அடுக்ககத்தில் வாடகைக்கு இருக்கிறேன். சொந்த வீட்டுக்காரருக்கு இருக்கும் இடமும் தேவையும் எனக்கு இல்லை. என்னைப் போன்றவர்களுக்கு, ஒரே கைப்பிடியில் மாற்றி மாற்றிப் பொருத்தும் ஆறேழு பிளேடுகள் கொண்ட, பெயர் பெற்ற நிறுவனத்தின் சிறிய திருப்புளிப் பெட்டியே போதுமானது. நான்கு திருப்புளிகளைத் தனித்தனியாக வாங்கும் விலையில் பாதிக்கு அது கிடைக்கும், ஒரு இழுப்பறையின் மூலையில் அடங்கியும்விடும். உருப்படிகளின் எண்ணிக்கை பெருகப் பெருகத் தரம் குறையும் என்பது உண்மை. அதற்காகச் சிறிய தொகுப்புகளையும் அதே கணக்கில் சேர்த்துவிட வேண்டியதில்லை.

அவர் பட்டியலில் விடுபட்ட ஒன்று, வாட்டர் பம்ப் பிளேயர் என்று விற்கப்படும், தாடை பல நிலைகளில் நகரும் பிளேயர். கழுவுதொட்டிக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் நட்டுகள் ஸ்க்ரூ ஸ்பேனருக்குப் பெரியவை, கைக்குச் சில நேரம் இறுகலானவை. அங்கே ஒரு துணியைச் சுற்றி இந்தப் பிளேயரால் மெல்லத் தளர்த்தினால் போதும். திரும்ப மாட்டும்போது கையால் இறுக்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், கருவியால் இறுக்கினால் பிளாஸ்டிக் மரை (திருகு வரி) விரிசல் விடும்.

கடற்காற்று படும் வீடுகளில் கருவிகளைச் சேமிப்பது பற்றியும் யாராவது சொல்லுவார்கள் என்று பார்த்தேன். உப்புக் காற்றில் குரோம் பூச்சு இல்லாத இரும்பு ஒரே மழைக்காலத்தில் துருவேறிவிடும். தையல் எந்திர எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, அதே துணியில் சுற்றி வைப்பேன். தேங்காய் எண்ணெய் இதற்கு ஆகாது, நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியை ஈர்த்துக்கொள்ளும்.

மதுரை மின்பணி

உறையூர்வாசி அவர்களுக்கு வணக்கம். மின் நிறுவல் துறையில் வேலை செய்கிறேன். ஆடும் பிளக் பாயின்ட்டை யாரும் தொடவில்லை, அதை மட்டும் விளக்குகிறேன். அதற்கு முன், ஃபிட்டர் ஐயாவின் பதிலில் ஒரு சிறு திருத்தம். சாதாரண பிளேயரின் கைப்பிடியில் உள்ள பிளாஸ்டிக் உறை பிடிப்புக்காகப் போடப்படுவது. அதை மின்காப்பாக எண்ணக் கூடாது. மின் வேலைக்கென்று சோதித்து விற்கப்படும் கருவிகளில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கும். வாங்குவதென்றால் அதைப் பார்த்து வாங்குங்கள். ஆனால் அந்தக் குறி இருந்தாலும், வீட்டில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் வேலை செய்ய அது அனுமதிச் சீட்டு ஆகாது.

எல்லார் வீட்டிலும் இருக்கும் நியான் டெஸ்டரைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதன் உள்ளே ஒரு சிறு நியான் விளக்கும், மெகா ஓம் அளவிலான ஒரு மின்தடையும் வரிசையாக இருக்கின்றன. நீங்கள் டெஸ்டரின் தலையில் விரலை வைக்கும்போது உணரவே முடியாத மிகச் சிறு மின்னோட்டம் உங்கள் உடல் வழியாகத் தரைக்குப் போய்த்தான் விளக்கு எரிகிறது. ஆகவே டெஸ்டர் எரிந்தால் மின்சாரம் இருக்கிறது என்று கொள்ளலாம். எரியாவிட்டால் மின்சாரம் இல்லை என்று மட்டும் கொள்ளக் கூடாது. விளக்கு பழுதாகியிருக்கலாம், நீங்கள் உலர்ந்த மர நாற்காலியின் மேல் நின்றுகொண்டிருக்கலாம், வெயில் வெளிச்சத்தில் மங்கலான ஒளி கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். முதலில் மின்சாரம் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த ஒரு பாயின்ட்டில் வைத்துப் பாருங்கள், பிறகு வேலை செய்யும் இடத்தில், அதன் பிறகு மீண்டும் அந்தப் பழைய பாயின்ட்டில். மூன்றாவது சோதனையை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். டெஸ்டரைத் திருப்புளியாகப் பயன்படுத்தி இறுகிய திருகாணிகளைத் திருப்புவதும் வேண்டாம். பிளாஸ்டிக் உடல் விரிசல் விட்டால் அதன் பாதுகாப்பு அங்கேயே முடிந்துவிடும்.

பிளக் பாயின்ட்டுக்கு வருவோம். பக்கத்திலுள்ள சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலையில் இறங்க வேண்டாம். பழைய வீடுகளில் சுவிட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பிக்குப் பதிலாக அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் போடப்பட்டிருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன், அப்படியிருந்தால் சுவிட்சை அணைத்தாலும் பாயின்ட்டில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். மெயினை அணைக்க வேண்டும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் தனியாக அணைக்க வேண்டும், ஏனென்றால் மெயின் போனதும் மின்வெட்டு என்று எடுத்துக்கொண்டு அது தன் பாட்டுக்கு அந்த வரிசைக்கு 230 வோல்ட் கொடுக்கத் தொடங்கிவிடும். திருச்சியில் மின்வெட்டுக்குப் பயந்து இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகள் ஏராளம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எல்லாம் அணைந்தது உறுதியான பிறகு மேல் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். பாயின்ட் ஆடுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். தகட்டில் அதைப் பிடித்திருக்கும் திருகாணி தளர்ந்திருந்தால் இறுக்கினால் முடிந்தது. உள்ளே கம்பிகளைப் பிடித்திருக்கும் முனையத் திருகாணிகள் தளர்ந்திருந்தால் அங்கே கம்பி கறுத்தோ காப்பு உருகியோ இருக்கும். தளர்ந்த இணைப்பில் தடை கூடி வெப்பம் உண்டாவதே அதற்குக் காரணம். கறுத்திருந்தால் பாயின்ட்டையே மாற்றி, கம்பியின் கருகிய நுனியை வெட்டிவிட்டுப் புதிய செம்பு தெரியும்வரை சீவி இணைக்க வேண்டும். சீவுவதற்குக் கத்தி வேண்டாம், ஒயர் ஸ்ட்ரிப்பர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கத்தி இழைகளை வெட்டிவிடும், மிஞ்சிய இழைகளே முழு மின்னோட்டத்தையும் சுமக்க நேரும். உள்ளே அலுமினியக் கம்பி இருந்தாலோ, காப்பு தொட்டாலே உதிர்ந்தாலோ, தகட்டைத் திரும்ப மூடிவிட்டு உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். மீட்டர் பலகைப் பக்கமும் எரிவாயு இணைப்புப் பக்கமும் கைக்கருவியோடு போகவே வேண்டாம்.

உறையூர்வாசி

இத்தனை விளக்கமான பதில்களை எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி வீட்டைச் சுற்றிவந்து எழுதிக்கொண்டு, நான்கு திருப்புளிகள், பத்து அங்குல ஸ்க்ரூ ஸ்பேனர், பிளேயர், ஹேக்சா, அரம், அளவு நாடா, ஸ்ட்ரிப்பர் ஆகியவற்றை வாங்கிவிட்டேன். நினைத்த தொகைக்குள்ளேயே அடங்கியது. பிளக் பாயின்ட்டில் வெளித் திருகாணிதான் தளர்ந்திருந்தது, முனையங்கள் சுத்தமாக இருந்தன.

இன்னும் இரண்டு சந்தேகங்கள். வாசற்கதவின் தாழ்ப்பாள் துளையை அரத்தால் கீழ்ப்பக்கம் கொஞ்சம் ராவிப் பெரிதாக்கிவிட்டால் கதவைத் தூக்காமலே தாழ் விழும் என்று நினைக்கிறேன், அது சரியா? மழையில் உரசும் விளிம்பைச் சீவ இழைப்புளி ஒன்றும் வாங்க வேண்டுமா? அடுத்து, சமையலறைக் குழாயில் வாஷரை மாற்றிய பிறகும் சொட்டு குறைந்ததே தவிர நிற்கவில்லை.

தச்சுப்பட்டறை, நாகர்கோவில்

துளையை ராவ வேண்டாம், நிறுத்துங்கள். தூக்கினால் தாழ் விழுகிறது என்றால் கதவு தொங்கிவிட்டது என்று அர்த்தம். இப்போது துளையைப் பெரிதாக்கினால், கதவு இன்னும் இறங்கும்போது மறுபடியும் ராவ வேண்டியிருக்கும். கீலைச் சரிசெய்யும் நாளில் தாழ் பெரிய துளைக்குள் லொடலொடக்கும்.

கதவைச் சாத்திவிட்டு நிலைக்கும் கதவுக்கும் இடையே உள்ள சந்து எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மேல் விளிம்பின் சந்து தாழ்ப்பாள் பக்கம் போகப் போக அகன்றுகொண்டே போனால், தாழ்ப்பாள் பக்கத்து மேல்மூலை நிலையில் உரசினால், கீழ்மூலை தரையை நோக்கி இறங்கியிருந்தால், மேல் கீல் விட்டுக்கொடுத்திருக்கிறது. மழையில் உரசுவதாக உங்கள் அம்மா சொல்வதிலும் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம்.

முதலில் கதவுக்கு அடியில் இரண்டு மர ஆப்புகளைச் செருகி எடையை அவற்றின் மேல் ஏற்றுங்கள். தேக்குக் கதவு என்றால் துணைக்கு ஒருவர் பிடித்துக்கொள்வது அவசியம். பிறகு மேல் கீலின் திருகாணிகளை மட்டும் கழற்றுங்கள். இரண்டு கீல்களையும் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது. துளை பெரிதாகித் திருகாணி பிடிக்காமல் சுற்றினால், மூங்கிலைத் துளை அளவுக்குச் சன்னமாகச் சீவி, ஃபெவிகால் தடவி, இறுக்கமாக அடித்துச் செருகி, மட்டத்துக்கு வெட்டிவிட்டு ஓர் இரவு காயவிடுங்கள். மறுநாள் நடுவில் ஆணியால் குத்தி வழி ஏற்படுத்திக்கொண்டு திருகாணியை ஏற்றினால் புது மரத்தில் ஏறுவது போலப் பிடிக்கும். பித்தளைத் திருகாணியாக இருந்தால் முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றி இறக்கி மரைப்பாதையை உண்டாக்கிவிட்டு, அதன் பிறகு பித்தளையில் கொஞ்சம் சோப்பைத் தடவி ஏற்றுங்கள். நேரடியாக ஏற்றினால் பித்தளைத் தலை முறிந்துபோகும், முறிந்த தண்டை நிலையிலிருந்து தோண்டி எடுக்கும் வேலையை எந்தத் தச்சரும் விரும்ப மாட்டார்.

இழைப்புளி வாங்க வேண்டாம். ஒரே ஒரு கதவுக்காக வாங்கி, அதன் தகட்டைத் தீட்டக் கற்றுக்கொண்டு, அதன் பிறகு சீவுவதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. கீலைச் சரிசெய்த பிறகும் ஐப்பசி, கார்த்திகை மழையில் உரசினால், உரசும் இடத்தில் சுண்ணக்கட்டியைத் தடவிக் கதவைச் சாத்தித் திறந்து, எங்கே அழிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். லேசான உரசலுக்கு மெழுகுவர்த்தியைத் தேய்த்தாலே போதும். மழை நேரத்தில் சீவிவிடாதீர்கள். ஈரத்தில் உப்பிய மரத்தைக் கணக்கு வைத்துச் சீவினால் சித்திரை வெயிலில் மரம் சுருங்கும்போது விரல் நுழையும் அளவுக்குச் சந்து விடும். பொங்கல் கழிந்து கதவு காய்ந்ததும் இன்னும் உரசினால், 80-ஆம் எண் உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள்.

தேய்த்த இடத்தைப் பச்சை மரமாக விட்டுவிடாமல் பிரைமரோ வார்னிஷோ பூசுங்கள். அதோடு கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். பெயின்டர்கள் பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களையும் தொடுவதே இல்லை, ஏனென்றால் யார் கண்ணிலும் படாது. மரம் ஈரத்தை அதிகமாகக் குடிப்பதோ சட்டத்தின் வெட்டுமுனை வெளியே தெரியும் அந்த விளிம்புகள் வழியாகத்தான். அங்கே இரண்டு பூச்சு கொடுத்துவிட்டால் அடுத்த மழையில் உங்கள் அம்மாவுக்குக் கதவைத் தள்ளும் சிரமம் வெகுவாகக் குறையும்.

பொன்மலை ஃபிட்டர்

மதுரை அம்மையாரின் திருத்தம் சரியானது, ஏற்றுக்கொள்கிறேன். வாட்டர் பம்ப் பிளேயரும் நல்ல யோசனைதான்.

குழாய் விஷயம். புது வாஷர் போட்டும் சொட்டினால் அடியில் உள்ள சீட்டைப் பாருங்கள் தம்பி. தலைப்பகுதியைக் கழற்றி டார்ச் அடித்தால், வாஷர் போய் அமரும் பித்தளை வளையம் தெரியும். அதில் குழியோ கீறலோ இருந்தால் எத்தனை வாஷர் மாற்றினாலும் தண்ணீர் அந்த வழியாகக் கசியும். வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் மட்டும், எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றி ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும். குழி விழுந்திருந்தால் குழாயையே மாற்றுவது மேல்.

மாற்றும்போது பழைய குழாயை ஒரே வேகத்தில் முறுக்கிவிடாதீர்கள். அந்தக் காலத்து வீட்டில் சுவருக்குள் இரும்பு எல்போ (குழாயை வளைத்து இணைக்கும் துண்டு)தான் இருக்கும்; குழாயின் மரை அதில் துருவேறிப் பிடித்திருந்தால் எல்போவே உடைந்துவிடும், அப்புறம் டைல்ஸை உடைத்துச் சுவரைத் தோண்ட வேண்டும். முந்தைய நாள் இரவே ஊடுருவும் எண்ணெயை மரையில் விட்டுவைத்து, கால் சுற்று தளர்த்துவது, மீண்டும் அரைக்கால் சுற்று இறுக்குவது என்று மெல்ல மெல்ல வெளியே கொண்டுவாருங்கள். அரைமணி நேரம் முயன்றும் அசையாவிட்டால் கையை எடுத்துவிட்டுப் பிளம்பருக்குச் சொல்லிவிடுங்கள். வந்துவிட்டால், புதுக் குழாயின் மரையை உங்கள் முகத்தை நோக்கிப் பிடித்துக்கொண்டு கடிகாரம் சுற்றும் திசையில் டெஃப்லான் டேப்பை இழுத்துப் பிடித்தபடி பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் குழாயைத் திருக ஆரம்பித்ததுமே டேப் சுருண்டு வெளியே வந்துவிடும். முதல் இரண்டு மூன்று சுற்றுகளைக் கையால் திருகி, மரை கோணாமல் ஏறுகிறது என்று தெரிந்த பிறகு ஸ்பேனரைப் போடுங்கள். குரோமுக்கு மேல் ஒரு துணியைச் சுற்றிக்கொள்ள மறக்க வேண்டாம்.